‘இந்த மூன்று பேரால் என்ன லாபம்?’ எங்கள் பணிப்பாளர் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயாவுக்கும் பணிப்பாளர் சபை அங்கத்தவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் வரவு செலவுத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார்: “மேம்பாட்டுக் குழு எண்டு மூண்டு பேருக்குச் சம்பளம் போகுது. இந்த மூண்டு பேரால நமக்கு என்ன லாபம்?” அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். சங்கத்து வேலைகள் எங்கே வீணாக இழுபடுகின்றன என்று பார்த்துத் திருத்துவதுதான் எங்கள் குழுவின் வேலை. நான் அப்போது சுவரில் படம் காட்டும் மெசினின் வயரைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றேன். பதில் சொல்ல வாய் திறந்தேன். சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கவில்லை. அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, கதை வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த கூட்டத்தில் குழுவைக் கலைத்து எங்களைப் பழைய பிரிவுகளுக்கே அனுப்பும் தீர்மானம் வரப்போகிறது என்று கேள்வி.

சபைக்குள் சொல்ல வேண்டியதை ஊரறிய எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதே கேள்வியைக் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் என்னைப் போல வேலை பார்க்கும் நண்பர்களிடமும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே திண்டாட்டம்தான். எங்களுடையது மட்டக்களப்பில் விவசாயிகளிடம் நெல் வாங்கி, அவர்களுக்குக் கடனும் கொடுக்கும் ஒரு சங்கம். அதன் பெயரை நான் எழுதவில்லை, வீட்டுக்கதையை வீதிக்குக் கொண்டுவரும் நோக்கமும் இல்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கேள்வி சரியானது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். விவசாயிகளின் பங்குக் காசில் நடக்கும் இடத்தில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் கணக்குக் கேட்பது உங்கள் கடமை. பிழை எங்கள் பக்கம். செய்த வேலையைக் கணக்காக்கத் தெரியாமல் மூன்று வருஷமாக அறிக்கை மேல் அறிக்கையாக எழுதித் தள்ளினோம். கலர் கலராக வட்டப்படம் போட்டோம். உங்களில் எத்தனை பேர் அவற்றை வாசித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

விவசாயிகளிடம் நெல்லை நிறுத்து வாங்கும் நம் நெற்களத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். நாங்கள் செய்ததில் உருப்படியானதும் அதுதான், அதிகம் சொதப்பியதும் அதுதான்.

பெரும்போக அறுவடை நேரத்தில் நம் படுவான்கரைக் களத்து வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உழவு மெசின்கள் நெல் ஏற்றிய இழுவைப் பெட்டியோடு வீதியோரம் வரிசை கட்டி நிற்கும். வெயில் ஏற ஏற, ஆட்கள் பெட்டிக்குக் கீழே படங்கை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். காலை ஏழு மணிக்கு வந்தவர் பின்நேரம்தான் பற்றுச்சீட்டோடு வீட்டுக்குப் போவார். இதற்கு எல்லாரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: தராசு போதாது, இன்னொன்று வாங்க வேண்டும். கொட்டேசன்கூட எடுத்தாயிற்று.

நாங்கள் மூவரும் ஒரு சி.ஆர். கொப்பியோடு தராசுக்கு எதிரே மூன்று நாள் குந்தியிருந்தோம். வேறொன்றும் செய்யவில்லை. பெட்டி எத்தனை மணிக்கு வாசலுக்கு வந்தது, எப்போது தராசில் ஏறியது, எப்போது இறங்கியது, எப்போது கையெழுத்துக் கிடைத்தது என்று எழுதினோம். முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. வெளியே அவ்வளவு நீள வரிசை நிற்க, உள்ளே தராசு அடிக்கடி சும்மா கிடந்தது. ஏனென்றால் நெல்லைத் தராசில் நிறுத்த பிறகுதான் ஈரம் பார்ப்பார்கள். 14 சதவீதத்துக்கு மேலே ஈரம் இருந்தால் நெல்லை எடுப்பதில்லை. ஏற்றிய பெட்டியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும், பின்னால் நிற்கும் மூன்று பேர் வழி விட வேண்டும், அதற்குள் ஒரு வாய்த்தர்க்கம். திரும்பிப் போனவர் ரோட்டோரம் நெல்லைக் காயப்போட்டுவிட்டு, அடுத்த நாள் மறுபடியும் வரிசையின் வாலில் வந்து நிற்பார். ஒரே நெல்லுக்கு இரண்டு வரிசை. ஈரம் பார்க்கும் மெசினும் ஒன்றுதான் புழக்கத்தில் இருந்தது. மற்றது பழுது என்று அலுமாரிக்குள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், பழுதெல்லாம் இல்லை, பற்றரி முடிந்திருந்தது.

“ஈரத்த வாசல்லயே பாத்து உட்டா என்ன மனே?” என்று கேட்டவர் மூட்டை தூக்கும் நாட்டாமை ஐயா. எங்களுக்கு முன்னரும் பல பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறார். காது கொடுக்க ஆள் இருக்கவில்லை. வாசலில் ஒரு மேசை, ஒரு பெரிய குடை, புதுப் பற்றரி, ஈரம் பார்க்க ஒரு பிள்ளை, அவ்வளவுதான் செலவு. ஈரநெல் வரிசைக்குள் வராமல் வாசலோடு நின்றது. களத்தின் ஓரத்தில் படங்கு விரித்துக் காயப்போட இடமும் கொடுத்தோம். வரிசை சுருங்கியது. இரண்டாவது தராசுக் கதை தன்பாட்டில் ஓய்ந்தது.

இனி எங்கள் மடத்தனம். வருஷ அறிக்கையில் அந்தத் தராசின் விலையை “மேம்பாட்டுக் குழு மிச்சப்படுத்திய தொகை” என்று எழுதினோம். கணக்காளர் அம்மா வாசித்துவிட்டுச் சிரித்தார். “தம்பி, வாங்காத தராசுக்கு லாபம் எழுதலாமெண்டா, நான் வாங்காத காருக்கும் எழுதலாமே” என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம். மிச்சம் என்றால் அது பேரேட்டில் எங்கேயாவது இறங்க வேண்டும். தராசு வாங்கச் சபை தீர்மானித்து, காசை ஒதுக்கி, பிறகு அந்த ஒதுக்கீட்டை விட்டுவிட்டிருந்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. கொட்டேசனோடு நின்றுபோன ஒன்றுக்கு லாபம் எழுதியது காற்றைத் தராசில் வைத்த கதைதான்.

அதைவிடப் பெரிய பிழை இன்னொன்று. மேசை போடுவதற்கு முதல் இருந்த நிலைமையை நாங்கள் ஒழுங்காக அளந்து வைக்கவில்லை. கையில் இருந்தது மூன்று நாள் கொப்பி மட்டும், அதுவும் அறுவடை உச்சத்தில் எடுத்தது. மேசை போட்ட பிறகு வந்தவை அறுவடை ஓய்கிற நாட்கள். வரிசை எங்களால் குறைந்ததா, வருகிற நெல் குறைந்ததால் குறைந்ததா? நெஞ்சில் கை வைத்துச் சொன்னால் இரண்டாலும்தான். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம். நான் அன்று கதவடியில் வாயடைத்து நின்றதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வேலையின் பெறுமதியை வேலை முடிந்த பிறகு நாங்களே எழுதிக் கொண்டுவரக்கூடாது. வேலை தொடங்க முதலே, எதை எப்படி அளப்பது, இன்றைக்கு அது எவ்வளவு என்பதைப் பிரிவுத் தலைவரும் கணக்காளரும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். முடிவில் அளப்பதும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் தாளில் ஒன்றும் மாறவில்லை என்றால் அப்போது எங்களைக் கலையுங்கள். நானே வழிமொழிகிறேன்.

அளப்பதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. வரிசையைப் பற்றி 1961 இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் நிறுவிக் காட்டிய விதி ஒன்று இருக்கிறது. சராசரியாக நிற்கிறவர்களின் தொகையை, ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்து போகிறவர்களின் தொகையால் வகுத்தால், ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரம் கிடைக்கும். விளங்குவதற்காக ஒரு கணக்கு: வாசலிலும் களத்திலுமாக 30 பெட்டி நிற்கிறது, மணிக்கு 6 பெட்டி வெளியே போகிறது என்று வையுங்கள். ஆளுக்கு 5 மணித்தியாலம். ஓடுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் கடிகாரத்தோடு திரியத் தேவையில்லை. வாசல் காவலாளி மணிக்கொரு தடவை நிற்கிற பெட்டிகளை எண்ணிக் கொப்பியில் போட்டால் போதும், போன பெட்டிகளின் கணக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த 6 ஐக் கூட்டுவதற்குத் தராசு வாங்கலாம். அல்லது அந்த 30 க்குள் வீணாக இரண்டாம் முறை வந்து நிற்பவர்களைக் குறைக்கலாம். இரண்டாவது வழி மலிவு, ஆனால் அது கண்ணில் பட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் வேறு வேலையில்லாமல் அங்கே குந்தியிருக்க வேண்டும். குந்தியிருக்கத்தான் எங்களுக்குச் சம்பளம் என்று யாராவது பகிடி பண்ணினால் நான் மறுக்கமாட்டேன்.

சரி, அளந்தாயிற்று. அடுத்த வருஷ அளவோடு ஒப்பிட்டால் போதுமா? போதாது. நம்முடைய பகுதியில் எந்த இரண்டு போகமும் ஒன்றுபோல இருந்ததில்லை. ஒரு வருஷம் கதிர் பழுக்கிற நேரத்தில் வெள்ளம், ஒரு வருஷம் பசளை இல்லை. அறுவடை மெசின் எந்த வட்டைக்கு, அதாவது எந்த வயல்வெளிக்கு, முதலில் வருகிறதோ அந்த வட்டை நெல் ஒரே நாளில் வாசலில் வந்து குவியும். விளைச்சல் குறைந்த வருஷம் வரிசை தானாகக் குறையும். அதை எங்கள் வெற்றி என்று சொன்னால் கள்ளக் கணக்கு. அதனால் செங்கலடிப் பக்கம் இருக்கும் நம் மற்றக் களத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பெரும்போகத்தில் முதல் இரண்டு கிழமை அங்கே பழைய முறை, இங்கே புது முறை, இரண்டிலும் ஒரே மாதிரிக் கொப்பி. அங்கே நிற்கிறவர்களுக்கு அது அநியாயம் இல்லையா என்றால், கொஞ்சம் அநியாயம்தான். அதனால்தான் போகம் முழுக்கக் கேட்காமல் இரண்டு கிழமை மட்டும் கேட்கிறேன்.

இன்னொன்று. ஒரு நாள் கணக்கை வைத்துப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். கல்லடிப் பழைய பாலம் கட்டிய அதே 1924 இல் வால்டர் ஷூவார்ட் என்ற பொறியியலாளர் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி, அதில் ஒரு படம் கீறிக் கொடுத்தார். எந்த வேலையிலும் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம் இருக்கும். அது வழமையான ஆட்டமா, புதிதாக ஏதாவது நடந்ததா என்று பிரித்துக் காட்ட மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கீறும் இரண்டு எல்லைக் கோடுகள்தான் அந்தப் படம். 1950 இல் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் ஜப்பானுக்குப் போய்த் தரக் கட்டுப்பாடு பற்றிச் சொல்லிக் கொடுத்தவற்றுக்கும் அடிப்படை அதுதான். கல்லடியில் 2013 இல் புதுப் பாலமே வந்துவிட்டது, நம் மாதாந்தக் கூட்டத்துக்கு அந்த இரண்டு கோடு இன்னும் வந்து சேரவில்லை. போன மாதத்தைவிட இந்த மாதம் கொள்வனவு குறைந்தால் களப் பொறுப்பாளருக்குப் பேச்சு, கூடினால் கைதட்டு. அவரும் பாவம், மழைக்கும் சேர்த்துப் பேச்சு வாங்குகிறார்.

கடன் பிரிவிலும் ஒரு வேலை செய்தோம், சுருக்கமாகச் சொல்கிறேன். வெல்லாவெளியிலிருந்து பஸ் ஏறி வரும் ஒருவர், கிராம உத்தியோகத்தரின் சான்று இல்லை என்று திரும்பிப் போகிறார். மறுபடி வரும்போது பிணைகாரரின் அடையாள அட்டைப் பிரதி இல்லை. மண்முனையில் படகுப் பாதை ஏறி வந்த காலம் போய் 2014 இல் பாலம் திறந்தார்கள். பாலம் வந்தும் ஒரே கடனுக்கு மனிதரை மூன்று முறை அந்தப் பாலத்தால் நடத்துவது யாருடைய குற்றம்? கவுண்டரில் இருக்கும் பிள்ளையிடம், ஒரே வேலைக்கு மறுபடி வருகிறவர்களுக்கு ஒரு கோடு போடச் சொன்னோம். கோடுகள் சேர்ந்த பக்கத்தைப் பார்த்து அந்தப் பிள்ளையே திகைத்துப்போனது. தேவையான பத்திரங்களை முதல் நாளே ஒரு துண்டில் அச்சடித்துக் கையில் கொடுத்தோம், படிவத்தில் ஒரே விபரத்தை மூன்று இடத்தில் கேட்பதை ஓரிடமாக்கினோம்.

அங்கேயும் கணக்காளர் அம்மா விடவில்லை. “கவுண்டர்ல நேரம் மிச்சம், சரி. சம்பளம் குறைஞ்சுதா?” குறையவில்லை. மிச்சமான நேரம் காசாவதற்கு அந்த நேரத்தில் வேறு ஏதாவது நடக்க வேண்டும். நடந்தது என்னவென்றால், கவுண்டர் பிள்ளை பின்நேரங்களில் தவணை தவறியவர்களுக்குப் போன் எடுக்கத் தொடங்கியது. பெறுமதியைத் தேட வேண்டிய இடம் அதுதான், கடன் அறவீட்டுக் கணக்கில். அந்தப் பெருமையும் கடன் பிரிவின் பெயரில் எழுதப்பட வேண்டியது. விவசாயிக்கு மிச்சமான பஸ் காசும் நாட்கூலியும் நம் பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் வராது. ஆனால் நாம் அவருடைய சங்கம் என்றுதானே பலகை போட்டிருக்கிறோம்? அதற்கு லாப நட்டக் கணக்குக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள். ரூபாயாக மாற்றிக் கலக்க வேண்டாம்.

தோற்றதையும் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கு மரியாதை இல்லை. களத்தில் நிறையைக் கொப்பியில் எழுதாமல் டப்லட்டில் பதியலாம் என்று ஆசைப்பட்டோம். வெயிலில் திரை தெரியவில்லை, தூசு பிடித்தது, கவரேஜ் வந்து வந்து போனது. கடைசியில் டப்லட்டிலும் எழுதிக் கொப்பியிலும் எழுதினார்கள். ஒரு வேலையை இரண்டாக்கியதுதான் எங்கள் மேம்பாடு. ஒரு மாதத்தில் கைவிட்டோம். சாதனங்கள் இப்போது அலுமாரியில், அந்த ஈரம் பார்க்கிற மெசின் இருந்த அதே தட்டில். அந்தச் செலவையும் எங்கள் கணக்கில் எழுதுங்கள்.

எங்களை ‘ஸ்டிக்கர் பார்ட்டி’ என்று ஊழியர்கள் கூப்பிடுவது உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதில் நியாயம் இருக்கிறது. வேலையிடத்தை ஒழுங்காகவும் துப்புரவாகவும் வைக்கும் ஜப்பானிய முறையான ஐந்து எஸ் என்று தொடங்கி, அலுமாரிக்கு ஒரு ஸ்டிக்கர், குப்பைவாளிக்கு ஒரு ஸ்டிக்கர், விருதுக்குப் பார்வையிட ஆள் வருகிற கிழமையில் எல்லாம் பளபளப்பு, அடுத்த கிழமை பழைய குருடி கதவைத் திறடி. அதே ஐந்து எஸ்ஸைக் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டளவில் கையில் எடுத்தது. பெரிய காசில்லாமல், அங்கே வேலை செய்கிறவர்களையே கொண்டு செய்தார்கள். பிறகு ஜப்பானின் வெளிநாட்டு உதவி நிறுவனமான ஜைக்கா அந்த முறையை ஆபிரிக்க வைத்தியசாலைகளுக்கு எடுத்துப் போனது. நாங்கள் வாங்கிய ஸ்டிக்கரும் அவர்கள் வாங்கிய ஸ்டிக்கரும் ஒரே கடைச் சாமான்தான். அங்கே ஒட்டியது அந்தந்த வாட்டில் வேலை செய்தவர்கள், இங்கே ஒட்டியது நாங்கள் மூன்று பேர்.

இதற்குக் கொழும்பு வரை போகவும் வேண்டாம். 1981 இல் அம்பாறையில், கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடது கரையில் நடந்ததை மூத்த விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். அந்தத் திட்டத்துக்குத் தண்ணீர் தரும் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்தில் தண்ணீர் குறைந்திருந்த வருஷம் அது. வாய்க்கால் வழியே விவசாயிகளோடு தங்கியிருந்து வேலை செய்ய இளம் பட்டதாரிகளை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் வாய்க்கால் வெட்டவில்லை, தண்ணீரும் திறக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கதைத்தார்கள், ஆட்களைக் கூட்டி வைத்தார்கள். வருஷக்கணக்காகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை விவசாயிகளே இறங்கித் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். மேல்மடைச் சிங்கள விவசாயிகள் விட்டுக்கொடுத்து, கடைமடையில் இருந்த தமிழ் விவசாயிகளின் வயலுக்கும் தண்ணீர் வந்தது. அந்தப் பிள்ளைகளின் சம்பளத்துக்கு என்ன லாபம் என்று அன்றைக்கு யாராவது பிள்ளைகளையே கேட்டிருந்தால் அவர்களும் என்னைப் போல முழித்திருப்பார்கள். கடைமடைக்காரரைக் கேட்டிருந்தால் கையோடு பதில் கிடைத்திருக்கும்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். எங்களிடம் கேட்க வேண்டாம். களப் பொறுப்பாளரைக் கூப்பிட்டு, “இவங்க மூண்டு பேரும் இல்லாட்டி உனக்கு என்ன குறையும்?” என்று கேளுங்கள். “ஒண்டும் குறையாது, அந்த மேசை போட்டது நாங்கதான்” என்று அவர் சொன்னால் நான் கோபிக்கமாட்டேன். வேலை வேரூன்றிவிட்டது என்று அர்த்தம். “அறிக்கை வாறது நிண்டுபோகும்” என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பதில் ஒன்றே ஒன்றுதான் கடினமானது. மேம்பாட்டு வேலையால் மிச்சமாகும் நேரத்தைக் காரணம் காட்டி யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டோம் என்று சபை எழுத்தில் தர வேண்டும். கொப்பியோடு நாங்கள் போய் நின்றால், முதலில் ஆட்களின் கண் எங்கள் பேனையில்தான் விழுகிறது. ‘என்ட பேரை வெட்டவா வந்திருக்கிறாய்?’ என்ற பார்வை. அந்தப் பயம் இருக்கும்வரை எவரும் தன் வேலையில் எது வீண் என்று வாய் திறக்கமாட்டார். நாட்டாமை ஐயா சொன்னாரென்றால், அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை என்ற துணிவில் சொன்னார். மற்றவர்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது, சம்பளத்தில் பிடிக்கிற கடனும் இருக்கிறது.

தை பிறந்தால் முதல் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். அதற்கு முன் எனக்குத் தேவையானவை இவ்வளவுதான்: இரண்டு களத்துக்கும் ஒவ்வொரு சி.ஆர். கொப்பி, இரண்டு வாசல் காவலாளிகளோடும் அரை மணித்தியாலம், எதை அளக்கிறோம் என்ற ஒரு பக்கத் தாளில் கணக்காளர் அம்மாவின் கையெழுத்து, கலைக்கும் தீர்மானத்தைச் சித்திரைக்குப் பிறகு எடுக்கும் பொறுமை. ஈரம் பார்க்கிற மெசினுக்குப் பற்றரி நான் வாங்கிவிட்டேன். பற்றுச்சீட்டு இத்துடன்.

இப்படிக்கு,
ஸ்டிக்கர் பார்ட்டியில் ஒருவன்,
மட்டக்களப்பு.